மாப்ளைக்குப் போட்ட நாற்காலி

"கழுத்து, அண்ணே, கழுத்து"ங்கிறான் இளவரசன். கழுத்தைத்தான்டா பிடிச்சிருக்காரு வரிசையில முன்னாடி நிக்கிற மனுஷன், வேற எதைப் பிடிப்பாரு. ஒரு ரப்பர் பொம்மை, அதுக்கு ஒரு கை லொடலொடன்னு கழண்டு கழண்டு விழுது, அதைக் குளிப்பாட்ட இத்தனை தடிமாடுங்க வரிசையில நிக்கிறோம். ஞாயித்துக்கிழமை காலையில, எல்லிஸ் நகர் சமுதாயக் கூடத்துல, நேத்து நடந்த ஏதோ காதுகுத்து விசேஷத்துச் சாம்பார் வாசனை இன்னும் போகாத இடத்துல. அப்பா ஆகப் போறவங்களுக்கு வகுப்பாம். சொல்லிக் குடுக்கிற இளவரசனுக்கு இன்னும் கல்யாணமே ஆகல, கேட்டா "படிச்சிருக்கேன்ணே"ன்னு சிரிக்கிறான். நல்ல பையன்தான், இருந்தாலும் எரிச்சலா வருது. இன்னிக்கு எல்லாமே எரிச்சலா வருது. உள்ள வரும்போதே செல்போனைப் பிடுங்கி வாசல்ல இருக்கிற பிளாஸ்டிக் கூடையில போட்டுர்றாங்க, சத்தத்தை வேற அமுக்கிரணுமாம், "இந்த நேரம் பிள்ளைக்கான நேரம்"னு ஒரு வசனம். என் பிள்ளை இங்கயா இருக்கு? என் பிள்ளை சின்னமனூர்ல யோகு வயித்துக்குள்ள இருக்கு. யோகு அவங்க அம்மா வீட்ல இருக்கா. வளைகாப்பு முடிஞ்ச கையோட தலைப்பிரசவம்னு கூட்டிட்டுப் போனாங்க, நானும் பல்லைக் காட்டிக்கிட்டு காருக்குக் கை ஆட்டினேன். அவ தினமும் காலையில துணி காயப்போடப் போற சாக்குல மொட்டை மாடிக்குப் போயி எனக்குப் போன் போடுவா. அங்க நின்னுதான் என்னை 'நீ'ன்னு கூப்பிடுவா, 'டேய்'னு கூட. இன்னிக்குப் போடல. நான் போட்டேன். அத்தை எடுத்தாங்க. "தூங்குறா மாப்ள. ஒண்ணுமில்ல. நீங்க சாப்டீங்களா?" அந்த நேரத்துல யோகு தூங்க மாட்டா. ராத்திரி கால் குரக்களி பிடிச்சு முழிச்சிருந்திருப்பா, அதான் தூங்கியிருப்பா, சரி. தூங்குறவ போனை அத்தை ஏன் கையில வச்சிருக்காங்க. சார்ஜ் போட்டிருப்பாங்க, சத்தம் கேட்டு எடுத்திருப்பாங்க, சரி. சரி சரின்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன், ஆனா அந்த 'ஒண்ணுமில்ல' மட்டும் தொண்டையில மீன் முள்ளு மாதிரி நிக்குது. நான் கேக்கவே இல்லையே, என்னாச்சுன்னு. கேக்காத கேள்விக்கு எதுக்கு ஒண்ணுமில்லன்னு பதில்? வாசப்பக்கம் கூடையில ஏதோ ஒரு போன் உர்ர்ர்னு அடிச்சு அடங்குது. யாரோடதோ.

இதே 'ஒண்ணுமில்ல'யை நான் ஒரு தடவை கேட்டிருக்கேன். போன வருஷம் பொங்கலுக்கு யோகு முன்னாடியே ஊருக்குப் போயிட்டா, எனக்கு லீவு கிடைக்கல. பொங்கலன்னிக்குப் பூராம் லிஃப்ட்டு நிக்கும், சொந்தக்காரங்க மொத்தமா ஏறுவாங்கல்ல, நாலஞ்சு பேர் ஏறவேண்டிய பெட்டியில கல்யாணக் கூட்டமே ஏறும். நான் லிஃப்ட்டு மெக்கானிக்கு. ஏதோ ஒரு அபார்ட்மென்ட்டுல ரெண்டு மாடிக்கு நடுவுல ஒரு குடும்பம் மாட்டிக்கிட்டு உள்ள ஒரு அம்மா அலறுது, நான் கதவுல வாயை வச்சு "என் பேரு மதி, நான் வெளியதான் நிக்கிறேன், ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிக்கிட்டே சாவியைத் திருகுறேன். அந்த நேரத்துலதான் அங்க யோகுவுக்கு ரத்தப்போக்கு. மூணாவது மாசம். கலைஞ்சு போச்சு. சாயங்காலம் நான் போன் போட்டப்ப அத்தை "ஒண்ணுமில்ல மாப்ள, அலுப்புல படுத்திருக்கா, நீங்க சாப்டீங்களா"ன்னாங்க. நான் வேற சாப்டேன் அத்தை, நல்லா சாப்டேன்னு சொன்னேன். சக்கரைப் பொங்கல், ஹவுஸ் ஓனர் வீட்ல குடுத்தது. அடுத்த நாள் காலையிலதான் மாமா கூப்பிட்டு "நீங்க ஒண்டியா இருப்பீங்க, பதறிருவீங்கன்னுதான் மாப்ள ராத்திரி சொல்லல"ன்னாரு. நான் போய்ச் சேர்ந்தப்ப எல்லாத்தையும் கழுவித் தொடச்சு, அவளுக்குத் தலைக்கு ஊத்தி, வெள்ளைப் போர்வை போத்திப் படுக்க வச்சிருக்காங்க. ஏதோ காய்ச்சல்காரியைப் பாக்க வந்தவன் மாதிரி நான் ஆப்பிள் வாங்கிட்டுப் போயிருக்கேன். அவ சுவத்தைப் பாத்தபடியே, "எல்லாரும் இருந்தாங்க, நீ மட்டும் இல்ல"ன்னா. எனக்குச் சொல்லலையே யோகுன்னேன். "தெரியும்"னா. அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும். இந்தப் பிள்ளை தங்கினதும் அவ சொன்ன முதல் வார்த்தை அதான், "இந்தத் தடவை நீ என் கூடவே இருக்கணும். வெளிய இல்ல, உள்ள." சரின்னேன். சரின்னு சொல்றது என்ன பெரிய கஷ்டமா. எங்கப்பாகிட்ட ஒரு தடவை கேட்டேன், நான் பொறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்கன்னு. டீக்கடையிலன்னாரு. அதுல அவருக்கு ஒரு கூச்சமும் இல்ல.

உள்ள இருக்கணுமாம். அந்த வீட்ல நான் அடுப்படிக்குள்ள போய் ஒரு டம்ளர் தண்ணி மோந்துக்க முடியல, இவ பிரசவ ரூமைச் சொல்றா. சின்னமனூர்ல எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்கு. நடுக் கூடத்துல, ஃபேனுக்கு நேர் கீழ, மேல ஒரு புது டர்க்கி டவலு விரிச்சு. நான் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள மாமா அதைத் தூக்கிட்டு வந்து போட்டுருவாரு. "உக்காருங்க மாப்ள." அதுல இருந்து எந்திரிச்சா வீடே எந்திரிக்குது. "என்ன மாப்ள, என்ன வேணும்?" யோகு உள் ரூம்ல படுத்திருக்கா, எட்டிப் பாத்தா அவ சித்தி, அத்தை, பக்கத்து வீட்டம்மான்னு ஒரு கூட்டம் சுத்தி உக்காந்திருக்கு, என்னைக் கண்டதும் எல்லாரும் சேலையை இழுத்துவிட்டுக்கிட்டு எந்திரிக்கிறாங்க, என்னமோ இன்ஸ்பெக்டர் வந்துட்ட மாதிரி. போன தடவை அவ காலு வீங்கிக் கிடந்துச்சு. இங்க முந்தின வகுப்புல இளவரசன் சொல்லிக் குடுத்திருந்தான், காலை மேல தூக்கி வச்சு, குதிகால்ல இருந்து மேல பாத்து நீவணும்னு. சரின்னு உக்காந்து நீவினேன். யோகு கண்ணை மூடிட்டா, முகம் அப்படியே தெளிஞ்சுச்சு, "டேய், நல்லாருக்குடா"ன்னா மெதுவா. அப்பத்தான் அத்தை மோரு டம்ளரோட உள்ள வந்தாங்க. பாத்தாங்க. டம்ளரை வச்சுட்டுப் போயிட்டாங்க. அடுத்து அடுப்படியில குசுகுசுன்னு பேச்சு. கொல்லையில கோழி கத்துச்சு. மத்தியானம் இலை நிறையக் கோழி. மாமா பக்கத்துல நின்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு, "எதுவும் குறை வச்சிருந்தா மனசுல வச்சுக்காதீங்க மாப்ள, நாங்க பிள்ளையை நல்லாத்தான் பாத்துக்கிறோம்"கிறாரு. மாப்ள தானே இறங்கிக் கால் பிடிக்கிறாருன்னா நம்ம கவனிப்பு பத்தலைன்னு குத்திக் காட்டுறாருன்னு அர்த்தமாம். நான் கோவிச்சுக்கிட்டேனாம்! என்னத்தச் சொல்ல. கோவமெல்லாம் இல்ல மாமான்னேன். கோவம் இருக்கிறவன்தான அப்படிச் சொல்லுவான், உடனே இன்னொரு துண்டு கோழி வச்சாங்க. சாயங்காலம் நான் சாப்ட தட்டை நானே கழுவினேன், ராத்திரிக்கு முட்டைக் குழம்பு. இப்படியே போனா அந்த வீட்டுக் கோழி எல்லாம் என்னாலதான் சாகும். அவங்க கெட்டவங்களா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிரலாம். அத்தை எனக்காக வெங்காயத்தைத் தனியா வதக்கி வைப்பாங்க, எனக்குப் பச்சை வெங்காயம் ஆகாதுன்னு. இப்படிப் பாசத்தைக் கொட்டுறவங்ககிட்ட என்னத்தைச் சொல்லிச் சண்டை போடுறது. தேனி ஆஸ்பத்திரிக்கு ஸ்கேனுக்குப் போனப்பவும் இதே கதைதான். அங்க ஒரு லிஃப்ட்டு இருக்கு, கதவு ரோலரு தேஞ்சு போயி, மூடும்போது க்ரீஈஈச்னு ஆரம்பிச்சு டொக்குனு முட்டும், எனக்குப் பல்லு கூசிருச்சு. ஒரு சொட்டு கிரீஸ் வச்சா சரியாயிரும், நான் பாக்கவான்னு குனிஞ்சேன், மாமா பதறிப்போயி "நீங்க உக்காருங்க மாப்ள"ன்னு அங்கயும் ஒரு நாற்காலி. டாக்டரம்மாகிட்ட யோகுதான் கேட்டா, இவர் உள்ள இருக்கலாமான்னு. அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு. "மயக்கம் போட்டு விழுற புருஷனை நான் தூக்கிக்கிட்டு இருக்க முடியாது. மதுரையில எங்க ஆளுங்க அப்பாக்களுக்கு வகுப்பு நடத்துறாங்க. கடைசி வரைக்கும் போயிட்டு வரச் சொல்லு, அவங்க எனக்கு போன்ல சொன்னா உள்ள விடுறேன்." அதுக்குத்தான் இந்த வரிசை. இன்னிக்குத்தான் கடைசி வகுப்பு. பொம்மையை ஒழுங்காக் குளிப்பாட்டிக் காட்டினா இளவரசன் அந்தம்மாவுக்குப் போன் போடுவான். பாதியில போனா அவ்வளவுதான். அத்தை மாமாகிட்ட இதை நான் இன்னும் சொல்லல. ஒரு தடவை ஆரம்பிச்சேன், "அத்தை, பிரசவத்தப்ப நான் உள்ள..." அத்தை முழுசாக் கேக்கவே இல்ல. "உங்களுக்கு ஏசி ரூம் சொல்லிருக்கு மாப்ள, டிவி இருக்கு, நீங்க நிம்மதியா உக்காந்திருங்க." நான் சரின்னேன். இந்த வாயை என்னதான் பண்றது.

மறுபடியும் உர்ர்ர்ங்குது கூடை. இந்தத் தடவை அடங்கல, விட்டு விட்டு அடிக்குது. எத்தனை போன் கிடக்குது, என்னோடதுதான்னு என்ன நிச்சயம். என் போனு அடியில கிடக்கு, நான்தான் முதல்ல வந்தேன், அடியில கிடக்கிறதுன்னா சத்தம் இப்படி ஓங்கிக் கேக்காது. கூடை தரையில முட்டுது, அடியில கிடக்கிறதுதான் முட்டும். எனக்கு முன்னாடி நிக்கிறது சிக்கந்தர் பாய், தெற்கு மாசி வீதியில ஸ்கூல் பேக்கு கடை வச்சிருக்காரு, ஏற்கனவே ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்களுக்கு அத்தா. "ரெண்டையும் ஒரு நாள் கூட நான் குளிப்பாட்டினதில்ல தம்பி, மூணாவதுக்கும் இப்படியே இருந்தா சோறு கிடையாதுன்னுட்டா வீட்ல"ன்னு முதல் நாளே எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சாரு. அவரு பொம்மை காதுல தண்ணி போகாம விரலால மடக்கிப் பிடிச்சு, "பிஸ்மி"ன்னு சொல்லி ஆரம்பிச்சு, கன்னத்தைக் கிள்ளி வேற விடுறாரு. பொம்மை கை கழண்டு தொட்டியில விழுந்துருச்சு. எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் சிரிக்கல. இப்பவே ஓடிப்போய் போனை எடுத்தா என்ன? எடுத்தா, என்னோடது இல்லைன்னா, வகுப்புல பாதியில எந்திரிச்சவன்னு ஆயிரும். இளவரசன் விடுவான், ஆனா டாக்டரம்மா கேட்டா பொய் சொல்ல மாட்டான், அப்படி ஒரு அரிச்சந்திரன். எடுக்காம நின்னு, என்னோடதா இருந்தா? தேதிக்கு இன்னும் நாள் கிடக்கு. அதெல்லாம் டாக்டர் சொல்ற தேதி, பிள்ளைக்கென்ன தெரியும். "வாங்க மதியண்ணே"ங்கிறான். என் கையில பொம்மை வந்துருச்சு, ஈரமா, சில்லுனு, வழுக்குது. "தண்ணிச் சூடு பாத்தீங்களா?" முழங்கையை விட்டுப் பாத்தேன். "எப்படி இருக்கு?" எப்படி இருக்கு. சொதசொதன்னு இருக்கு. வெதுவெதுன்னு இருக்குன்னேன். இடது கையில தலை, கழுத்து, நெஞ்சை அணைச்சாப்புல. வலது கையில தண்ணி, முதல்ல காலு, அப்புறம் வயிறு. கூடை அடிக்குது. வயிறு, நெஞ்சு. அன்னிக்குப் பொங்கலுக்கு, அந்த லிஃப்ட்டுக்குள்ள இருந்த அம்மா வெளிய வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ பேசிக்கிட்டே இருந்தியேப்பா, அதுதான் எனக்கு உசுரு"ன்னாங்க. ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் நான் பேசுறேன். கட்டினவளுக்குப் பேச எனக்கு ஏசி ரூமு, டிவி. தண்ணி என் சட்டையெல்லாம் ஊத்துது. "அண்ணே, முதுகு, திருப்பணும், மெதுவா"ங்கிறான். கூடை அடிக்குது, அடிக்குது. எக்கேடு கெட்டும் போ. பொம்மையை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு நான் நடந்துட்டேன். "அண்ணே! முடிச்சுட்டுப் போங்கண்ணே! முதுகுதான் பாக்கி!"

அடிச்சது என்னோடது இல்ல. சிக்கந்தர் பாயோடது, கடையில இருந்து யாரோ. என் போனு அடியிலதான் கிடந்துச்சு, கறுப்பா, பேசாம. ஒரு மிஸ்டு கால் இல்ல, ஒரு மெசேஜ் இல்ல. நிம்மதியா இருக்கணும்ல? அதான் இல்ல. என்னை யாரும் கூப்பிட மாட்டாங்கடா. எல்லாம் முடிஞ்சு, கழுவித் தொடச்சு, வெள்ளைப் போர்வை போத்தின பிறகுதான் கூப்பிடுவாங்க, அன்னிக்கு நடந்தது அதான, நான் என்ன கிறுக்கனா கூடையையே பாத்துக்கிட்டு நின்னதுக்கு. ஈர விரல்ல போனு எடுக்கவே மாட்டேங்குது, சட்டையில தொடச்சா சட்டையும் ஈரம், பேன்ட்ல தொடச்சு யோகு நம்பரை அழுத்தினேன். ரொம்ப நேரம் மணி அடிச்சுது. அத்தை. "மாப்ள! சாப்டீங்களா?" யோகு எங்க அத்தை. "வீட்லதான் மாப்ள, இப்பத்தான் இட்லி சாப்ட்டுட்டு... ஒண்ணுமில்ல, நீங்க..." பின்னாடி க்ரீஈஈச். டொக். எனக்கு உலகத்துல வேற எந்தச் சத்தம் மறந்தாலும் இது மறக்காது. சின்னமனூர்ல அவங்க வீடு ஓட்டு வீடு. "அத்தை, லிஃப்ட்டுக் கதவு மூடுற சத்தம் கேக்குது"ன்னேன். யாரோ ஒரு நர்ஸு "வழி விடுங்க, வழி விடுங்க"ன்னுது. "அது வந்து மாப்ள... காலையில பனிக்குடம் உடைஞ்சிருச்சு... நீங்க ஒண்டியா இருப்பீங்க, பதறிருவீங்கன்னுதான்... நீங்க பையப் புறப்பட்டு வாங்க, மாமா ரூம்ல ஏசி போட்டு வச்சிருக்காரு..." எனக்கு எங்க இருந்து அப்படி ஒரு சத்தம் வந்துச்சுன்னு தெரியல, கூடத்துல எல்லாரும் திரும்பிட்டாங்க. "அத்தை! நான் ஏசி ரூமுக்கு வரல. எனக்கு நாற்காலி போடாதீங்க. கோழி அடிக்காதீங்க. உங்க மேல எனக்குக் கோவமும் இல்ல, குறையும் இல்ல. நான் அவ கூட இருக்கணும். அவ கேட்டது அது ஒண்ணுதான். டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க, மதி உள்ள வர்றான்னு சொல்லுங்க!" சொல்லி முடிச்ச பிறகுதான் பயம் வந்துச்சு, மாமியார்கிட்டக் கத்திட்டோமேன்னு. இளவரசன் தன் போனை எடுத்துக் காதுல வச்சுட்டான், "டாக்டர், மதியழகன்னு ஒருத்தர், ஆமா, எல்லாம் நல்லாப் பண்ணாரு டாக்டர், முதுகு மட்டும் பாக்கி"ங்கிறான், அரிச்சந்திரன். சிக்கந்தர் பாய் வெளிய பைக்கை உதைக்கிறாரு, "ஆரப்பாளையத்துல தேனி பஸ்ஸு நிக்கும், ஏறு தம்பி." நான் இன்னும் போனைக் காதை விட்டு எடுக்கல. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுற சத்தம். கோவிச்சுக்கிட்டாங்கன்னு நெனச்சேன். "சீக்கிரம் வாங்க மாப்ள"ன்னாங்க அத்தை, நான் இதுவரைக்கும் கேக்காத ஒரு குரல்ல. "விடியக்காலையில இருந்து உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. என் கையைப் பிடிக்கவே மாட்டேங்குறா. எனக்குப் பயமா இருக்கு மாப்ள." அந்த வீட்ல இருந்து எனக்கு வந்த முதல் உண்மை. பைக் பின்னாடி ஏறி உக்காந்தேன். பாலம் தாண்டினப்ப சிக்கந்தர் பாய் கண்ணாடியில பாத்து, "பொம்மையைத் தூக்கிட்டு வந்துட்டியே தம்பி"ன்னாரு. ஆமா, இருக்கு, ஒரு கை இல்லாம, தண்ணி சொட்டச் சொட்ட. கழுத்தை விடாமத்தான் பிடிச்சிருந்தேன்.